இரும்பு அணைவுப் பாலிமர்களில் ஸ்பின் மாற்றம்: நெல்லைச் சீமை ஆய்வகங்களுக்கான கேள்வி பதில்

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி, தென்காசி வட்டாரக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல் செயல்திட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆய்வுக் கட்டுரைகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 அல்லது 25 டிகிரி செல்சியஸ். இங்கே மே மாதத்து மதியத்தில் அது 38 டிகிரி. வேறு பல சேர்மங்களுக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. ஸ்பின் மாறும் சேர்மங்களில் சிலவற்றுக்கோ நிறம், காந்தத்தன்மை, கன அளவு மூன்றுமே இதற்குள் மாறிவிடும்.

ஸ்பின் மாற்றம் என்பது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரும்பு(II) அயனியில் ஆறு டி எலக்ட்ரான்கள் உண்டு. எண்முகி அமைப்பில் ஆறு நைட்ரஜன் அணுக்கள் அதைச் சூழ்ந்திருக்கும்போது, டி ஆற்றல்மட்டம் கீழ், மேல் என இரண்டாகப் பிரியும். ஈனிகளின் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள் அல்லது அயனிகளின்) புலம் வலுவாக இருந்தால் ஆறு எலக்ட்ரான்களும் கீழ்மட்டத்தில் இணை சேர்ந்துவிடும். இது தாழ் ஸ்பின் நிலை. டயாகாந்தத் தன்மை உடையது, அதாவது காந்தத்தால் ஈர்க்கப்படாது. புலம் வலுக்குறைந்தால் இரண்டு எலக்ட்ரான்கள் மேல்மட்டத்துக்கு ஏறி, நான்கு இணையில்லா எலக்ட்ரான்கள் கிடைக்கும். இது உயர் ஸ்பின் நிலை. புலத்தின் வலு இரண்டுக்கும் இடைப்பட்டதாக அமைந்த சேர்மங்களில் வெப்பம், அழுத்தம், ஒளி, உள்ளே புகும் மூலக்கூறுகள் என எதைக் கொண்டும் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தள்ளலாம்.

மேல்மட்டத்து எலக்ட்ரான்கள் ஈனிகளை நோக்கி நிற்பதால் இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு 2.0 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 2.2 ஆங்ஸ்ட்ராமுக்கு நீளும். இந்த 0.2 ஆங்ஸ்ட்ராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்களில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

இரும்பு(III) சேர்மங்களிலும் இது உண்டு. 1931இல் காம்பியும் செகோவும் முதலில் கண்டது டைதயோகார்பமேட்டு ஈனிகள் கொண்ட இரும்பு(III) சேர்மங்களில்தான். இங்கே இரும்பு(II) மட்டும் பார்ப்போம்.

தனி மூலக்கூறுச் சேர்மம் போதாதா? பாலிமர் எதற்கு?

கரைசலில் மிதக்கும் தனி மூலக்கூறு அண்டை அயலாரைப் பொருட்படுத்தாமல் மாறும். அதனால் மாற்றம் நூறு டிகிரிக்கும் மேலாக இழுபட்டு நடக்கும். பாலிமரில் ஒரு இரும்பு மையம் 0.2 ஆங்ஸ்ட்ராம் விரிந்தால், அதோடு விறைப்பான ஈனியால் கட்டுண்டிருக்கும் அடுத்த மையத்துக்கும் அந்த இழுப்பு போய்ச் சேரும். கூட்டாக மாறுவதால் மாற்றம் செங்குத்தாகிறது. இந்தக் கூட்டு விளைவு ஒரு வரம்பைத் தாண்டினால் தயக்கம் வரும்: சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையிலும் குளிரவிடும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொன்றிலும் மாறும். இரண்டுக்கும் நடுவில் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது அது வந்த வழியைப் பொறுத்தது. நினைவகப் பொருள் என்று இவற்றைச் சொல்வதும் இதனால்தான்.

எந்தச் சேர்மத்தில் தொடங்குவது?

பாடநூல்களில் முதலில் வருவது இரும்பு–பினாந்த்ரோலின்–தயோசயனேட்டு. அதை எடுக்காதீர்கள். அது மாறுவது 176 கெல்வினில், அதாவது மைனஸ் 97 டிகிரியில். உலர்பனி மைனஸ் 78 வரைதான் கொண்டுபோகும். திரவ நைட்ரஜன் வேண்டும். நம் பக்கம் அது கால்நடைத் துறையின் உறைவிந்துக் கலன்களில்தான் அதிகம் புழங்குகிறது. கிடைத்தாலும் வெப்பநிலையைச் சீராக ஏற்றி இறக்கும் கருவி தனியாக வேண்டும்.

1,2,4-ட்ரையசோலும் டெட்ராஃபுளூரோபோரேட்டு எதிரயனியும் (சங்கிலியின் மின்சுமையைச் சமன்செய்யும் அயனி) கொண்ட இரும்புச் சங்கிலிப் பாலிமரே தொடங்க ஏற்றது. ஒவ்வொரு இரும்பு இணையையும் மூன்று ட்ரையசோல் வளையங்கள் பாலமாகக் கட்டியிருக்கும். மூன்றில் ஒன்று புரோட்டானை இழந்து எதிர்மின் சுமையோடு இருக்கும். தாழ் ஸ்பின்னில் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே சுமார் 3.65 ஆங்ஸ்ட்ராம். ஏறும்போது ஏறத்தாழ 385 கெல்வினிலும் (112 டிகிரி) இறங்கும்போது 345 கெல்வினிலும் (72 டிகிரி) மாறும். தாழ் ஸ்பின்னில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, உயர் ஸ்பின்னில் வெள்ளை. 520–540 நானோமீட்டர் பக்கம் இருந்த உட்கவர்தல் 850 நானோமீட்டர் அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுவதால் கண்ணுக்கு நிறமே இல்லாமல் போகிறது. காந்தமானி இல்லாமலே பார்க்கலாம் என்பது கல்லூரி ஆய்வகத்துக்குப் பெரிய வசதி.

தயாரிக்கும் முறை என்ன?

ஒரு மில்லிமோல் அளவுக்கு: இரும்பு(II) டெட்ராஃபுளூரோபோரேட்டு ஹெக்சாஹைட்ரேட்டு 0.34 கிராம், 1,2,4-ட்ரையசோல் 0.21 கிராம் (மூன்று மில்லிமோல்), அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 மில்லிகிராம்.

1. வாலை வடிநீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள். கரைந்த ஆக்சிஜன் வெளியேறும்.
2. அதில் 2 மி.லி. எடுத்து முதலில் அஸ்கார்பிக் அமிலத்தையும் பிறகு இரும்பு உப்பையும் கரையுங்கள். கரைசல் மிக வெளிறிய பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் உப்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது.
3. ட்ரையசோலை 2 மி.லி. எத்தனாலில் தனியே கரைத்து, கலக்கிக்கொண்டே சேருங்கள்.
4. ஊதா வீழ்படிவு விழத் தொடங்கியதும் கலக்குவதை நிறுத்தி, மூடி ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டு உடனே வடித்தால் துகள் மிக நுண்ணியதாகி வடிதாளை அடைத்துக்கொள்ளும்.
5. வடித்து, சிறிது குளிர்நீராலும் பின் எத்தனாலாலும் கழுவி, உலர்கலத்தில் சிலிக்கா ஜெல் மேல் உலர்த்துங்கள்.

முழு விளைச்சல் 0.35 கிராம். அதற்கு மேல் வந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள்.

கரைப்பானையும் செறிவையும் விருப்பம்போல் மாற்றக்கூடாது. இதே மூலப்பொருள்களிலிருந்து புரோட்டான் இழக்காத ட்ரையசோல் மூன்றும் இரண்டு டெட்ராஃபுளூரோபோரேட்டும் கொண்ட வேறொரு சேர்மமும் உருவாகும். அது இதைவிட வெகு தாழ்ந்த வெப்பநிலையிலேயே, குறுகிய தயக்கத்தோடு மாறும். சூடாக்கும்போது 112 டிகிரிக்கு வெகு முன்பே பொடி வெளுத்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பொடி பழுப்பாக வருகிறது. ஏன்?

இரும்பு(III). அஸ்கார்பிக் அமிலத்தைக் கடைசியில் போட்டிருப்பீர்கள், அல்லது உப்புப் புட்டி பழசாக இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னொரு காரணம். அதிலுள்ள பைகார்பனேட்டு காரத்தன்மையைக் கூட்டி ஆக்சிஜனேற்றத்தை வேகப்படுத்தும். குழாய்த் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று பயன்படுத்த வேண்டாம். மருந்துக்கடை வைட்டமின் சி மாத்திரையும் ஆகாது. சர்க்கரை, நிறமி, கட்டும் பொருள் எல்லாம் அதில் கலந்திருக்கும். பழுப்பேறிய பொடியைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. மறுபடி தயாரிப்பதே மிச்சம்.

டெட்ராஃபுளூரோபோரேட்டு விலை அதிகம். மோர் உப்பு (இரும்பு(II) அம்மோனியம் சல்பேட்டு) வைத்துச் செய்யலாமா?

ஊதாப் பொடி ஏதோ ஒன்று கிடைக்கும். ஆனால் அது வேறு சேர்மம். எதிரயனி சங்கிலிகளுக்கு இடையே உட்கார்ந்து அவற்றின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது. சல்பேட்டு உள்ளே போனால் மாற்ற வெப்பநிலையும் தயக்க அகலமும் வேறாகிவிடும். சல்பேட்டோடு சோடியம் டெட்ராஃபுளூரோபோரேட்டைச் சேர்த்தால் இரண்டு எதிரயனிகளும் கலந்து ஏறி, மாற்றம் மழுங்கிப் படிப்படியாக நடக்கும். எதிரயனியின் விளைவையே ஆராய்வதானால் நல்ல செயல்திட்டம்தான். அப்போதும் ஒவ்வொன்றையும் தனித்தனித் தூய உப்பிலிருந்து செய்யுங்கள்.

பெர்குளோரேட்டு மட்டும் கூடவே கூடாது. நைட்ரஜன் நிறைந்த வளையமும் பெர்குளோரேட்டும் சேர்ந்த உலர்பொடி வெடிக்கக்கூடியது. நைட்ரேட்டு உப்புகளையும் அதிகச் சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

காந்தமானி இல்லை. மாற்றத்தை எப்படி அளப்பது?

உருகுநிலை காணும் கருவி எல்லாக் கல்லூரியிலும் உண்டு. நுண்குழாயில் பொடியை 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, திறந்த முனையைச் சுடரில் உருக்கி மூடுங்கள். 90 டிகிரி வரை வேகமாக ஏற்றலாம். அதன் பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். ஊதா மங்கத் தொடங்கும் வெப்பநிலை, பாதி மங்கியது, முழுக்க வெளுத்தது என மூன்று எண்களைக் குறியுங்கள். 125 டிகிரியில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு இறக்குங்கள்.

இறக்குவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சூடாக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு, குளிர்விப்பதற்கு இல்லை. மேலே மின்விசிறி சுழன்றால், அல்லது ஆனி ஆடிக் காற்று சன்னல் வழியே அடித்தால், தொகுதி நிமிடத்துக்கு நான்கைந்து டிகிரி விழும். வெப்பமானி ஒன்று காட்டும், பொடி இன்னொன்றில் இருக்கும். மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, சூடாக்கியின் திறனைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வியர்க்கும்தான், வேறு வழியில்லை. கைப்பேசிக் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, வெப்பமானியும் குழாயும் ஒரே சட்டத்தில் தெரியப் பதிவு செய்தால், பிறகு படத்தில் பச்சை நிறத்தின் செறிவை அளந்து வரைபடமாகப் போடலாம். கேமராவின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளுத்த பொடியையும் அது சாம்பலாகக் காட்டும்.

கூய் தராசு (காந்தப் புலத்தில் மாதிரியின் எடை மாறுவதை அளப்பது) இருந்தால் அறை வெப்பநிலையில் மாதிரி ஏறத்தாழ டயாகாந்தம் என்பதை உறுதிசெய்யலாம். தெளிவான பாராகாந்த இழுப்பு வந்தால் இரும்பு(III) கலப்பையோ, சங்கிலி முனைகளில் நீரைப் பிடித்துக்கொண்டு எப்போதும் உயர் ஸ்பின்னிலேயே நிற்கும் மையங்களையோ நினையுங்கள்.

முதல் சுற்றில் ஒரு எண், இரண்டாம் சுற்றில் வேறு எண். எது சரி?

இரண்டும் உண்மை. முதல் சூடாக்கலில் ஒட்டியிருக்கும் நீர் போகும். படிகத்துகள் முதன்முறையாக விரிந்து விரிசல் விடும். அதனால் முதல் ஏற்றம் பெரும்பாலும் சில டிகிரி மேலே விழும். இரண்டாம் மூன்றாம் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் அவற்றை அறிக்கையில் முதன்மையாகக் கொடுங்கள். முதல் சுற்றைத் தனியே குறிப்பிடுங்கள், மறைக்க வேண்டாம். பத்துச் சுற்றுக்குப் பிறகும் நகர்ந்துகொண்டே போனால் பொடி சிதைகிறது.

சூடாக்கும் வேகத்தையும் எழுதுங்கள். நிமிடத்துக்கு 10 டிகிரியில் எடுத்த தயக்கம் ஒரு டிகிரியில் எடுத்ததைவிட அகலமாகத் தெரியும். வேகம் குறிக்காத தயக்க அகலத்தை வேறொரு எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

நம் ஊர் வெயில் அலமாரியில் இருக்கும் மாதிரியைக் கெடுக்குமா?

மேலே சொன்ன ட்ரையசோல் சங்கிலியை ஒன்றும் செய்யாது. தகரக் கொட்டகைக்குள் மூடிய பெட்டியில் வைத்தாலும் 112 டிகிரியை எட்டாது.

ஹாஃப்மன் வகை வலைப்பின்னல்கள் (இரும்பையும் இன்னோர் உலோகத்தையும் சயனைடு பாலங்கள் கோத்தவை) வேறு. இவற்றின் முன்னோடி கிட்டாசாவா குழு 1996இல் தந்த இரும்பு–பிரிடின்–நிக்கல் டெட்ராசயனைடு. 2001இல் வந்த முப்பரிமாண உறவினர் பிரிடினுக்குப் பதில் பைரசினும் நிக்கலுக்குப் பதில் பிளாட்டினமும் கொண்டது. அதன் ஏறுமுக மாற்றம் சுமார் 309 கெல்வின், இறங்குமுகம் சுமார் 285 கெல்வின். செல்சியஸில் 36, 12. ஐரோப்பிய ஆய்வகத்தில் 20 டிகிரி அறையில் இது அழகாகத் தயக்கக் கண்ணியின் நடுவில் உட்கார்ந்திருக்கும்; அடர் ஆரஞ்சாகவும் வைக்கலாம், மஞ்சளாகவும் வைக்கலாம். திருநெல்வேலியில் சித்திரை மதியம் ஒன்று போதும், 36ஐத் தாண்டி மஞ்சள் உயர் ஸ்பின்னுக்குப் போய்விடும். திரும்ப 12 டிகிரிக்கு இறங்க வேண்டுமே! மார்கழி விடியலில்கூட இங்கே 20க்குக் கீழே போவது அரிது. ஆக, ஒருமுறை வெயில் பட்ட மாதிரி குளிர்பதனப் பெட்டிக்குள் போகும்வரை மஞ்சளாகவே கிடக்கும். நிறமாலை எடுத்தவர் 'அறை வெப்பநிலையில் உயர் ஸ்பின்' என்று எழுதுவார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அளந்த இன்னொருவர் தாழ் ஸ்பின் என்று எழுதுவார். இருவரும் தப்பில்லை.

எனவே இவ்வகை மாதிரியை அளப்பதற்கு முன் 4 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, புட்டியின் வெளிப்புற வியர்வையைத் துடைத்துத் திறந்து தொடங்குங்கள். பேருந்தில் எடுத்துப் போவதானால் பனிக்கட்டிப் பெட்டியில் போகட்டும்.

மழைக்காலத்தில் முடிவு மாறுகிறதே?

மாறும். பல அணைவுப் பாலிமர்கள் நீரை உள்ளே பிடித்து வைப்பவை. அந்த நீர் ஹைட்ரஜன் பிணைப்பு வழியே சங்கிலியை இறுக்கித் தாழ் ஸ்பின்னை நிலைப்படுத்தும். சூடேறி நீர் வெளியேறிய கணமே பிடி விட்டுப்போய் உயர் ஸ்பின்னுக்குத் தாவும். குளிரவிடும்போது நீர் இல்லாத சேர்மம் மிகத் தாழ்வான வெப்பநிலையில்தான் திரும்பும். பார்ப்பதற்குப் பிரமாண்டமான தயக்கம் போல இருக்கும். ஹைட்ராக்சிஎத்தில் ட்ரையசோல் ஈனி கொண்ட ஒரு சேர்மத்தில் இப்படி 270 கெல்வின் அகலம் அறிவிக்கப்பட்டது. அதை அளந்தவர்களே 'தோற்றத் தயக்கம்' என்றுதான் குறித்தார்கள். உண்மைத் தயக்கத்தில் போகும் சேர்மமும் வரும் சேர்மமும் ஒன்றே. இங்கே அவை இரண்டு.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே ஆடியில் பாளையங்கோட்டையில் காற்று வறண்டிருக்கும். ஐப்பசி அடைமழையில் இரண்டு ஊரிலும் ஈரம். நீரேற்ற மாதிரிகளை அளந்த நாளின் ஈரப்பத எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எடையிழப்புப் பகுப்பாய்வு ஒன்று எடுத்து நீர் எத்தனை மோல் என்று தெரிந்துகொள்ளாமல் வேறு எந்த அளவீட்டுக்கும் போக வேண்டாம்.

நுண்துளை உள்ள ஹாஃப்மன் வலைகளில் நீர் மட்டுமல்ல, உள்ளே புகும் எதுவும் ஸ்பின்னைத் திருப்பும். பைரசின்–பிளாட்டினம் வலையில் பென்சீன் ஆவி புகுந்தால் வலை விரிந்தே நிற்க வேண்டியிருப்பதால் உயர் ஸ்பின் நிலைக்கும். கார்பன் டைசல்பைடு புகுந்தால் தாழ் ஸ்பின் நிலைக்கும்.

அழுத்தம் என்ன செய்யும்?

தாழ் ஸ்பின் நிலை கன அளவில் சிறியது; அழுத்தினால் அதுதான் வெல்லும். மாற்ற வெப்பநிலை மேலே ஏறும். எவ்வளவு என்பதற்குக் கன அளவு மாற்றத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் போதும். மோலுக்கு 15 கன சென்டிமீட்டர், கெல்வினுக்கு 75 ஜூல் என்று வைத்தால் 100 மெகாபாஸ்கலுக்கு 20 கெல்வின். அளவீடுகளிலும் பொதுவாக 15–20தான் வருகிறது.

100 மெகாபாஸ்கல் என்பது சின்ன அழுத்தம் இல்லை. 143 அடி நிரம்பிய பாபநாசம் அணையின் தண்ணீர் ஆழம் முழுவதும் சேர்ந்து கொடுப்பது சுமார் 0.43 மெகாபாஸ்கல், மாற்ற வெப்பநிலை அதனால் 0.1 டிகிரிகூட நகராது. ஆனால் அகச்சிவப்பு நிறமாலைக்குப் பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்துகிறீர்களே, 13 மில்லிமீட்டர் அச்சில் 8 டன் என்பது ஏறத்தாழ 590 மெகாபாஸ்கல். அந்த நேரத்தில் மாதிரியின் மாற்ற வெப்பநிலை நூறு டிகிரி அளவுக்கு மேலே போயிருக்கும். விட்டதும் பெரும்பாலும் திரும்பும், ஆனால் துகள்களில் தங்கிவிடும் இறுக்கம் மாற்றத்தை மழுங்கடிக்கும். போதாக்குறைக்குப் புரோமைடு அயனி டெட்ராஃபுளூரோபோரேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இந்தச் சேர்மங்களுக்கு வில்லை முறையை விட்டுவிடுங்கள். பாரஃபின் எண்ணெயில் குழைத்தோ, அழுத்தாத பிரதிபலிப்பு முறையிலோ எடுங்கள். உரலில் வெகுநேரம் அரைப்பதற்கும் இதே எச்சரிக்கை.

வெளிச்சத்தில் மாறுமா?

மாறும், கடுங்குளிரில். 1984இல் டெகுர்டின்ஸ், கூட்லிச் குழுவினர் புரோப்பில் டெட்ரசோல் ஈனி கொண்ட இரும்புச் சேர்மத்தைப் பச்சை ஒளியால் தாழ் ஸ்பின்னிலிருந்து உயர் ஸ்பின்னுக்கு ஏற்றி, சுமார் 50 கெல்வினுக்குக் கீழே அங்கேயே நிறுத்தினார்கள். 820 நானோமீட்டர் பக்கத்து ஒளி அதைத் திரும்ப இறக்கும். மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களுக்குக் கையாளும் திரவ ஹைட்ரஜனின் 20 கெல்வின் இதற்குத் தாராளம். வேதியியல் துறை ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுவது ஹீலியம்.

வெப்ப மாற்றம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒளியால் ஏற்றிய நிலை விரைவாகச் சரிந்துவிடும். ஆகவே 385 கெல்வினில் மாறும் ட்ரையசோல் சங்கிலியில் இந்தப் பிடித்துவைப்பை எதிர்பார்க்க வேண்டாம். வெயிலில் வைத்து நிறம் மாறினால் அது சூட்டின் வேலை. ராமன் நிறமாலையிலும் கவனம் வேண்டும்: குவித்த லேசர் புள்ளி மாதிரியைச் சுட்டு உயர் ஸ்பின்னுக்குத் தள்ளிவிடும். திறனைப் பாதியாக்கி மீண்டும் எடுத்து, இரண்டு நிறமாலையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

துத்தநாகம் கலந்தால்?

துத்தநாக அயனியின் ஆரம் 0.74 ஆங்ஸ்ட்ராம்; உயர் ஸ்பின் இரும்பு 0.78, தாழ் ஸ்பின் 0.61. உயர் ஸ்பின் அளவை ஒட்டிய துத்தநாகம் சங்கிலியை விரித்தே வைக்கும். மாற்ற வெப்பநிலை இறங்கும், கூட்டு விளைவு அறுபட்டுத் தயக்கமும் சுருங்கும். 0, 10, 20, 40 மோல் சதவீதம் என நான்கு மாதிரி செய்தால் ஒரு பருவத்துக்குப் போதுமான வேலை. கரைசலில் போட்ட விகிதமே திண்மத்திலும் இருக்கும் என்று நம்பாமல் இரும்பைத் தரம்பார்த்து உறுதிசெய்யுங்கள்.

காந்த அளவீட்டுக்கு வெளியே அனுப்பும்போது என்ன எழுதித் தர வேண்டும்?

வெப்பநிலை வரிசை: 300 → 400 → 300 கெல்வின், நிமிடத்துக்கு ஒரு கெல்வின், மூன்று சுற்று. இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பலர் இறங்குமுகம் மட்டும் எடுத்துத் தருவார்கள், தயக்கமே தெரியாது. ஜெலட்டின் உறை இந்தச் சூட்டில் வளையும், வேறு கலம் கேளுங்கள். நீரேற்ற மாதிரியானால், அளவீட்டு அறையை வெற்றிடமாக்கி ஹீலியம் நிரப்பும்போதே நீர் போய்விடும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

மோலார் காந்த ஏற்புத்திறனையும் வெப்பநிலையையும் பெருக்கிய மதிப்பு உயர் ஸ்பின்னில் 3.0 முதல் 3.8 செ.மீ.³ கெல்வின்/மோல் வர வேண்டும். தாழ் ஸ்பின்னில் பூச்சியத்தை ஒட்டி. உயர் ஸ்பின் மதிப்பு 3.0க்குக் கீழே நின்றால் மோலார் நிறையில் நீரைச் சேர்க்க மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். தாழ் பக்கம் 0.1 மிச்சம் இருந்தால், 2 சதவீத இரும்பு(III) மட்டுமே 0.09 தரும்.

மோஸ்பவர், வெப்பக் கலோரிமானி இரண்டில் எது முதலில்?

கலோரிமானி. 5–10 மில்லிகிராம் போதும், எளிதில் கிடைக்கும், ட்ரையசோல் சங்கிலிக்கு மோலுக்கு 25 கிலோஜூல் அளவில் தெளிவான முகடு வரும். நீர் வெளியேறும் முகட்டை ஸ்பின் முகடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிரும்போது திரும்பி வராதது நீர். மோஸ்பவர் (இரும்பு அணுக்கரு காமாக் கதிரை உட்கவர்வதை அளக்கும் நிறமாலை) இரண்டு ஸ்பின் நிலைகளின் விகிதத்தை நேரடியாகக் காட்டும்: உயர் ஸ்பின்னின் ஐசோமர் பெயர்ச்சி நொடிக்கு 1.0 மில்லிமீட்டர் பக்கம், தாழ் ஸ்பின்னுக்கு 0.4–0.5.

கழிவை எங்கே ஊற்றுவது?

தொட்டியில் வேண்டாம். டெட்ராஃபுளூரோபோரேட்டு உள்ள வடிநீரில் அமிலம் சேர்க்கவும் கூடாது, கண்ணாடியில் கொதிக்கவைத்து வற்றவைக்கவும் கூடாது; ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் உண்டாகலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் 'ஃபுளூரோபோரேட்டு, ட்ரையசோல்' என்று எழுதிச் சேர்த்துவைத்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கையுறையில்லாமல் ட்ரையசோலை நிறுக்க வேண்டாம். சயனைடு வலைகளின் கழிவு தனிக் கலனில் போக வேண்டும். அதற்குள் ஒரு சொட்டு அமிலமும் விழக்கூடாது.